வெளுத்ததெல்லாம் மயோனைஸ்!

தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலைக்குள் நுழைந்தால் வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், எலுமிச்சம்பழம், பூண்டு என்று ஒரு சாலட்டுக்கு வேண்டிய அத்தனையும் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். நிலக்கடலையும் எள்ளும் பக்கத்து மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் இன்றைய கல்லூரி மாணவன் இவற்றை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போவதில்லை. ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, வெள்ளை வெளேர் என்று பிதுங்கும் ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொள்கிறான். பையின் மேல் 'வெஜ் மயோனைஸ்' என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான், ஆரோக்கியத்துக்கு ஆரோக்கியம், சைவத்துக்குச் சைவம் என்று மனசு நிறைந்துவிடுகிறது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவர்களைப் பார்த்துத் தமிழ்நாடு ஒரு காலத்தில் சிரித்தது. இன்று வெளுத்ததெல்லாம் மயோனைஸ் என்று நம்புகிறது. இந்த நம்பிக்கை ஒன்று காசைக் கரைக்கிறது, இன்னொன்று உடம்பைக் கெடுக்கிறது, மூன்றாவதாக, ஆயிரம் வகைத் துவையலும் பச்சடியும் அரைத்த ஒரு சமூகத்தை 'எனக்கு ஒரு சாலட் டிரஸ்ஸிங் கூடச் செய்யத் தெரியாது' என்று சொல்ல வைக்கிறது. மூன்றாவதுதான் பெரிய அவமானம்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

தடை வந்த கதை

2025 ஏப்ரல் 8-ம் தேதி முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும், வைத்திருக்கவும், விற்கவும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை தடை போட்டது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில் 30-வது பிரிவு ஆணையருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அது. பொதுமக்கள் உடல்நலத்துக்காக ஒரு உணவுப் பொருளை ஓராண்டு வரை தடுத்து நிறுத்தலாம். தமிழ்நாடு இதில் முதல் மாநிலமும் அல்ல. 2023 ஜனவரியில் கேரளாவும், 2024 அக்டோபர் கடைசியில் தெலங்கானாவும் இதையே செய்திருந்தன.

ஏன் செய்தார்கள்? மயோனைஸ் என்பது பச்சை முட்டையின் மஞ்சள் கரு, எண்ணெய், கொஞ்சம் புளிப்பு. அடுப்பே கிடையாது. சால்மோனெல்லா கிருமி முட்டை ஓட்டின் மேல் மட்டும் இருக்கும், கழுவினால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே முட்டைக்குள் புகுந்துவிடும். ஓட்டை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. சூடு காட்டினால் சாகும், ஆனால் மயோனைஸில் சூடு இல்லை. காலையில் மிக்ஸியில் அடித்து, வாளியில் ஊற்றி, தாம்பரத்து மே மாத வெயிலில் இரவு பதினொரு மணி வரை தள்ளுவண்டியில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோபயாலஜி படித்திருக்க வேண்டியதில்லை.

தடை வந்ததும் இரண்டு கூட்டம் கிளம்பியது. ஒரு கூட்டம், "சவர்மாவின் உயிரே போச்சு" என்று ஒப்பாரி வைத்தது. இன்னொரு கூட்டம், "நல்லவேளை, வெஜ் மயோனைஸ் இருக்கிறது, அது சுத்தம்" என்று கைதட்டியது. இரண்டு கூட்டமும் தப்பு. முதல் கூட்டத்துக்குச் சவர்மாவும் தெரியாது. இரண்டாவது கூட்டத்துக்குச் சுத்தமும் தெரியாது.

சவர்மாவின் சொந்த ஊரில்

சவர்மா பிறந்த லெபனான், சிரியா பக்கத்துச் சாப்பாட்டில் கோழி சவர்மாவுக்குத் தொட்டுக்கொள்வது 'தூம்'. தூம் என்றால் அரபியில் பூண்டு. பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் - இந்த நாலுதான். முட்டை கிடையாது, பால் கிடையாது. பூண்டை உப்போடு நைய இடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாக எழும்பி வரும். ஆட்டு இறைச்சி, மாட்டு இறைச்சி சவர்மா என்றால் எள்ளை அரைத்த 'தஹினி'யில் எலுமிச்சையும் பூண்டும் தண்ணீரும் கலந்து ஊற்றுவார்கள். அதிலும் முட்டை இல்லை, பால் இல்லை.

ஆக, சொந்த ஊரில் சவர்மாவின் 'உயிர்' சுத்தமான தாவரச் சரக்கு. சென்னைக்கு வந்த பிறகுதான் அதற்கு முட்டை ஒட்டிக்கொண்டது. காரணம் ருசி மட்டும் அல்ல. பூண்டு உரிக்க ஆள் வேண்டும், முட்டை உடைக்க ஒரு விநாடி போதும்! மயோனைஸ் தடையை ஏதோ அரபுக் கலாசாரத்தின் மீது விழுந்த அடி மாதிரி பேசியவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

'வெஜ்' என்ற மூன்றெழுத்து

இனி இரண்டாவது கூட்டம். பையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? இந்தியச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். இந்தப் பைகளில் பெரும்பாலும் முதல் இடத்தில் சுத்திகரித்த சோயா எண்ணெய் இருக்கும் அல்லது தண்ணீர் இருக்கும். அதை ஒட்டியே சர்க்கரை வரும். பிறகு மாவுச்சத்து, வினிகர், உப்பு. அதற்குப் பிறகு எண்கள்.

எண்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 412 என்று போட்டிருப்பது குவார் கோந்து, அதாவது கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. பொரியல் செய்யும் அதே கொத்தவரை! 415 என்பது சாந்தன் கோந்து. 202, 211 இரண்டும் பூஞ்சையைத் தடுக்கும் பாதுகாப்புப் பொருட்கள், அனுமதிக்கப்பட்ட அளவில்தான் போடுகிறார்கள். 'கெமிக்கல், கெமிக்கல்' என்று அலறும் வாட்ஸ்அப் மாமாக்களோடு சேர்ந்துகொள்ள இங்கே எண்ணமில்லை. பையில் விஷம் இல்லை.

பிரச்சினை வேறு. முட்டையின் மஞ்சள் கரு செய்த வேலையை, அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் வேலையை, இங்கே கோந்தும் மாவும் செய்கின்றன. முட்டையோடு வந்த கொஞ்சநஞ்சப் புரதமும் போய்விட்டது. மிச்சம் என்ன? கெட்டிப்படுத்திய எண்ணெய், சர்க்கரை, உப்பு. இதைக் கேரட் மேல் பிழிந்துவிட்டு 'டயட்டில் இருக்கிறேன்' என்று சொல்வது கொஞ்சம் ஓவர்தான். நூறு கிராமுக்கு எத்தனை கிராம் கொழுப்பு, எத்தனை கிராம் புரதம் என்று அதே பையில் அச்சிட்டிருக்கும். புரதம் என்ற வரியை மட்டும் ஒருமுறை பாருங்கள், போதும்.

அடுத்து அந்தப் பச்சைப் புள்ளி. இந்தியாவில் பச்சைப் புள்ளி என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்றுதான் அர்த்தம். பால் இருக்கலாம். முட்டை இல்லாத மயோனைஸ் சிலவற்றில் பால் பவுடர் இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்காரர்களும், பாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறக்கூடாது. அவர்களுக்காகத் தனியாக 2022-ல் விதிமுறை வந்தது, தனி முத்திரையும் இருக்கிறது. பச்சை நிற 'வி' எழுத்து, அதன் மேல் ஒரு சின்ன இலை.

பெயர்ச் சண்டை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே சட்டப்படி மயோனைஸ் என்றால் முட்டை இருந்தாக வேண்டும், எடையில் குறைந்தது 65 சதவீதம் எண்ணெய் இருந்தாக வேண்டும். 2014-ல் ஹாம்ப்டன் கிரீக் என்ற சின்ன கம்பெனி முட்டையே இல்லாமல் 'ஜஸ்ட் மயோ' என்று ஒன்றை விற்க, ஹெல்மன்ஸ் மயோனைஸ் விற்கும் யூனிலீவர் வழக்குப் போட்டது. ஊர் சிரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் யூனிலீவரே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2015-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, கடைசியில் லேபிளை மாற்றி எழுதிச் சமாதானம் ஆனார்கள். அங்கே ஒரு பெயருக்கு இத்தனை சண்டை. இங்கே 'வெஜ்' என்ற மூன்று எழுத்தைப் போட்டால் கேள்வியே கிடையாது!

ஒரு சின்ன காஸ்ட் ஷீட்

பி.காம் படிப்பவர்கள் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் என்று காஸ்ட் ஷீட் போட்டுத் தேய்கிறார்கள். மூலப்பொருள், கூலி, மேல் செலவு, லாபம். அதே கணக்கைச் சொந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு யாராவது போட்டுப் பார்த்தார்களா?

வெள்ளைப் பையில் மூலப்பொருள் என்பது எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, மாவு. தண்ணீருக்கு எண்ணெய் விலை, மாவுக்கு எண்ணெய் விலை. மேல் செலவு என்பது பை, அச்சு, லாரி, குளிர்பெட்டி, விளம்பரம், கடைக்காரர் கமிஷன். இதற்கு மேல் வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது மயோனைஸுக்கும் சாலட் டிரஸ்ஸிங்குக்கும் 18 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வரி குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் வரி குறைந்ததால் ஒரு பொருள் அத்தியாவசியப் பொருள் ஆகிவிடாது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது, அதற்காக அதை யாரும் கூடுதலாகத் தின்பதாகத் தெரியவில்லையே!

வீட்டுக் கணக்கு வேறு. நூறு கிராம் நிலக்கடலை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். இதில் கிட்டத்தட்ட 280 கிராம் டிரஸ்ஸிங் வரும். நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது. கலோரி பார்த்தால் கடலையில் ஏறக்குறைய 570, எண்ணெயில் 240. மொத்தம் 800 சொச்சம். பதினெட்டு மேசைக்கரண்டிக்குப் பங்கிட்டால் கரண்டிக்கு 45 சுமார். எண்ணெய் நிறைந்த அசல் மயோனைஸில் ஒரு மேசைக்கரண்டிக்கு 90-க்கு மேல். பாதிக்குப் பாதி! விலையைத் தாம்பரத்துக் கடலை விலையில் அவரவரே போட்டுப் பார்க்கலாம். பெரிய கணக்கில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'வீட்டில் செய்தது, தாவரத்தில் செய்தது, ஆகவே கொழுப்பில்லை' என்ற புது மூடநம்பிக்கை வந்துவிடக்கூடாது. இணையத்தில் பலரும் செய்யும் சோயா பால் மயோனைஸில் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு எண்ணெய் விடுகிறார்கள். 200 மில்லி எண்ணெய் என்றால் 1600 கலோரிக்கு மேல். செடியிலிருந்து வந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்.

அம்மியில் ஏற்கனவே இருந்தது

'கிரீமியான தாவர டிரஸ்ஸிங்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஏதோ கலிபோர்னியாவிலிருந்து இறங்கிய மாதிரி இருக்கிறது. தேங்காயையும் பச்சை மிளகாயையும் கொஞ்சம் கடுகோடு மைய அரைத்து, வெள்ளரிக்காயில் கலந்தால் அதற்குப் பெயர் என்ன? பச்சடி. கடுகு எதற்கு? ருசிக்கு என்பார்கள். கடுகின் தோலில் இருக்கும் பசைச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும். மேல்நாட்டு டிரஸ்ஸிங்குகளில் கடுகு விழுது போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த ரசாயனம் தெரியாமலே அம்மிக்கல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

எண்ணெய் என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். எள் + நெய். தமிழில் எண்ணெய்க்கே பெயர் கொடுத்தது எள். அந்த எள்ளை அரைத்துத் தஹினி என்று சீசாவில் அடைத்து, வெளிநாட்டு லேபிள் ஒட்டி, கண்ணைப் பறிக்கும் விலைக்கு வைத்தால் மேடவாக்கத்தில் வாங்க ஆள் இருக்கிறது. சொந்த எள் எள்ளுருண்டையிலும் இட்லிப் பொடியிலும் தூங்குகிறது.

நிலக்கடலை தமிழனுடையதா என்று கேட்டால், இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. விழுப்புரம், கடலூர் பக்கம் இன்றும் அதை மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிறார்கள், மணிலாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான், இன்று பண்ருட்டி என்றால் முந்திரி. ஆக, வெளியிலிருந்து வந்ததெல்லாம் கூடாது என்பதல்ல வாதம். வந்ததை அரைத்துச் சொந்தமாக்கிக்கொண்ட ஊர் இது. மயோனைஸை மட்டும் ஏன் பையில் வாங்கிப் பிழிய வேண்டும்? அதையும் அரைக்க வேண்டியதுதானே!

செய்வது எப்படி

வாதம் மட்டும் செய்துவிட்டுப் போனால் அது மேடைப் பேச்சு. ஆகவே செய்முறை.

*கடலை டிரஸ்ஸிங்.* நூறு கிராம் நிலக்கடலையைத் தேர்ந்தெடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. அதில் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. நல்ல கடலையைக் குக்கரில் மூன்று நான்கு விசில் வேகவைத்துத் தோலை நீக்குங்கள். வறுத்த கடலையில் செய்தால் சட்னி வாசனை வரும், வேகவைத்ததில் செய்தால் வெள்ளையாக, மெத்தென்று வரும். மிக்ஸியின் சின்ன ஜாரில் கடலை, ஒரு சின்னப் பல் பூண்டு, அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, உப்பு போட்டு, கால் டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு முதலில் கெட்டியாக மைய அரைக்க வேண்டும். தண்ணீரை எடுத்த எடுப்பில் முழுசும் ஊற்றினால் கடலை பிளேடுக்குச் சிக்காமல் மிதக்கும், எத்தனை நேரம் ஓட்டினாலும் நறநறவென்றுதான் இருக்கும். துவையல் அரைத்தவர்களுக்கு இது தெரியும். மசிந்த பிறகு மிச்சத் தண்ணீர், மொத்தமாக 120 மில்லி வரை. கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயை மெல்லிய நூலாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பிரிந்துகொண்டு மேலே மிதக்கும். தாம்பரத்து மிக்ஸிகள் சீக்கிரம் சூடாகும், நடுவில் நிறுத்தி ஆறவிடுவது ஜாருக்கும் நல்லது டிரஸ்ஸிங்குக்கும் நல்லது.

*முந்திரி டிரஸ்ஸிங்.* அதே முறை, வேகவைக்காமல் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். ருசி அபாரம். ஆனால் முந்திரி விலைக்கு இதை மாதம் ஒருமுறை விருந்தாளி வரும்போது வைத்துக்கொள்ளலாம். பாதி முந்திரி போதும் என்பவர்கள் மீதிக்கு உடைத்த கடலை போடலாம், வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

*சுண்டல் தண்ணீர்.* கொண்டைக்கடலை வேகவைத்த கொழகொழத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறவர்கள் கவனிக்கவும். 2014-ல் பிரான்சில் ஒருவர் அந்தத் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக் கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல, அடுத்த ஆண்டு அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயரும் வைத்து உலகம் கொண்டாடியது. கெட்டியான சுண்டல் தண்ணீர், கடுகுப் பொடி, எலுமிச்சை, மெதுவாக விடும் எண்ணெய் - கிட்டத்தட்ட அசல் மயோனைஸ். எண்ணெய் அதிகம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

காய்களோடு கலப்பதிலும் ஒரு விஷயம். வெள்ளரியும் தக்காளியும் உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். சாப்பிட உட்காரும்போதுதான் டிரஸ்ஸிங்கை ஊற்ற வேண்டும். காலேஜுக்கு டப்பாவில் எடுத்துப் போகிறவர்கள் தனித்தனியாக எடுத்துப் போவது உத்தமம்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?'

நடக்காது என்பவர்களின் காரணங்களையும் பார்த்துவிடலாம்.

*நேரம் இல்லை.* கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் செல்போனில் மற்றவர்கள் சமைப்பதைப் பார்க்க நேரம் இருக்கிறது. அரைக்க மட்டும் நேரம் இல்லை. வேகவைத்த கடலை இருந்தால் மிச்ச வேலை எல்லாம் பத்து நிமிடம்.

*ஹாஸ்டலில் மிக்ஸி இல்லை.* இது நியாயமான காரணம். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு அடுப்புக்கே அனுமதி இருக்காது. அவர்களுக்கு ஒரு வழி: சர்க்கரை சேர்க்காத கடலை வெண்ணெய் இரண்டு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள். டம்ளரில் போட்டு வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஸ்பூனால் கலக்க வேண்டும். முதலில் இறுகிப் போய் 'கெட்டுப்போச்சு' என்று தோன்றும். நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சட்டென்று இளகி வழவழப்பாகிவிடும். மிக்ஸி வேண்டாம், அடுப்பு வேண்டாம், வார்டன் அனுமதியும் வேண்டாம்.

*மயோனைஸ் ருசி வராது.* வராதுதான். ஏன் வர வேண்டும்? புளிக்குழம்பில் சாம்பார் ருசி வரவில்லை என்று யாரும் அழுவதில்லை. சர்க்கரைக்குப் பழகிய நாக்குக்குக் கடலையும் எலுமிச்சையும் முதல் இரண்டு நாள் சப்பென்று இருக்கும். அது நாக்கின் குற்றம், கடலையின் குற்றமல்ல.

*கடலை ஒத்துக்கொள்ளாதே?* ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல, உயிர் விஷயம். முந்திரிக்கும் எள்ளுக்கும் கூட ஒவ்வாமை உண்டு. பத்துப் பேருக்குச் செய்து எடுத்துப் போகும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பரிமாறுவதுதான் மரியாதை.

முட்டை போனால் கிருமி போகுமா?

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான இடம். முட்டை இல்லை, ஆகவே பயமில்லை என்று நினைப்பது அப்பட்டமான தவறு.

2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் சவர்மா சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒரு பள்ளி மாணவி இறந்தார். கண்டுபிடிக்கப்பட்ட கிருமி ஷிகெல்லா. அது முட்டையோடு பிறப்பதல்ல. கழுவாத கையிலும் அசுத்தமான தண்ணீரிலும் வருவது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் சவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் ஆபத்தான எதையும் தேடிப் போகவில்லை. சாயங்காலம் பசித்தது, கடையில் விற்றதைச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் அரைத்தாலும் விதி ஒன்றுதான். அரைக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், கேன் தண்ணீர் என்பதாலேயே அது சுத்தம் ஆகிவிடாது. ஜாரின் பிளேடுக்கு அடியில் நேற்றைய சட்னி ஒட்டியிருக்கக்கூடாது. அரைத்தது குளிர்பெட்டியில் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். தேங்காய் சேர்த்தது அன்றன்றைக்கே தீர வேண்டும். தூம் மாதிரி பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. எலுமிச்சையைக் குறைக்காதீர்கள், புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல, காவலுக்கும்தான்.

கடைக்காரர்களுக்கும் இதே பாடம். தடை ஆணையில் முட்டையை மட்டும் படித்துவிட்டு, அதே கழுவாத வாளியில் வெஜ் மயோனைஸைக் கொட்டி வைத்தால் சட்டத்துக்குப் பதில் சொல்லியாயிற்று, வயிற்றுக்கு யார் பதில் சொல்வது? 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஊர் பெரிதாகிவிட்டது, சாலையோரக் கடைகளும் பெருகிவிட்டன. ஒவ்வொரு வாளியையும் அதிகாரி வந்து முகர்ந்து பார்க்க முடியாது. வாங்குகிறவன் கேட்க வேண்டும். "அண்ணே, இது எப்போ அடிச்சது?" என்று ஒரு கேள்வி. கேட்க வெட்கப்படுகிறவன் ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியாக, அரைப்பது யார்?

'வீட்டுச் சாப்பாடே சிறந்தது' என்று முழங்கும் ஆண்பிள்ளைகள் அநேகர். அந்த முழக்கத்தின் அர்த்தம் பெரும்பாலும் 'அம்மா, இன்னும் ஒன்று கூடச் செய்' என்பதுதான். காலையில் இட்லி, மத்தியானத்துக்கு டப்பா, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று ஓடும் ஒரு பெண்மணியின் தலையில் இப்போது கடலை டிரஸ்ஸிங்கையும் கட்டுவதற்காக இத்தனை வாதம் தேவையில்லை. அப்படியானால் அந்த வெள்ளைப் பையே தேவலை. அது யாருடைய முதுகையும் ஒடிப்பதில்லை.

காஸ்ட் ஷீட்டில் கூலி என்று ஒரு வரி உண்டு. வீட்டுச் சமையல் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அந்த வரியில் எப்போதும் பூஜ்யம் போடுவதுதான். சாலட் தின்று உடம்பைக் குறைக்க நினைப்பவன் எவனோ, அவனே கடலையைப் பொறுக்கட்டும், அவனே தோல் உரிக்கட்டும், அவனே அரைக்கட்டும், அரைத்த ஜாரையும் அவனே கழுவட்டும். சாலட் செய்வதில் பெரிய பாரம்பரிய ரகசியம் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலைத் தாண்டியவனுக்கு எண்ணெயையும் தண்ணீரையும் சேர்ப்பது புரியாத விஷயமும் அல்ல. வணிகவியல் எடுத்தவனுக்கும் மிக்ஸியின் பொத்தான் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அரசாங்கம் ஒரு ஆணை போட்டு முட்டையைத் தடுக்கலாம். சோம்பலைத் தடுக்கும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை அவரவர் வீட்டுச் சமையலறையில் அவரவரேதான் அமல்படுத்த வேண்டும்.